மனதாரக் கொடுக்காத மன்னர்

நூல் வெளியீட்டு விழாவில் பேசுகிறவர் அந்த நூலை வாசித்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு சட்டமும் இல்லை. தலைவர் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசுவார். பிரதம விருந்தினர் ஆசிரியரின் தகப்பனாரைப் பற்றிப் பேசுவார். வாழ்த்துரைக்கு வந்தவர் தன்னைப் பற்றிப் பேசுவார். பிறகு எல்லோருமாகப் பற்றிஸைக் கடித்து, தேத்தண்ணி குடித்துக் கலைவோம். இத்தனை பேர் வாசிக்காமலே பேசித் தப்பித்த திருகோணமலையில், பிடிபட்ட ஒரே ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நகரத்தில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞர் (வேலை நிரந்தரம், அறிவு தற்காலிகம்). உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். அதே கந்தோரில் வேலை செய்த நிரோஜாவை இரண்டு வருடமாக விரும்பியிருந்தேன். அவளும் என்னை விரும்பினாள், அது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அவள் வீட்டிலோ மட்டக்களப்பில் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓம் என்றால் எனக்கு வாழ்வு, இல்லையென்றால் எஞ்சினியருக்கு.

அந்த அப்பா கனகசூரியம். துறைமுகத்தில் கப்பல் வரவுப் பதிவேடு எழுதி ஓய்வுபெற்றவர். எழுதிப் பழகிய கை பென்சனுக்குப் பிறகும் நிற்கவில்லை. ‘ஏழு நங்கூரங்களின் தேசம்’ என்று மூன்று பாகத்தில் ஒரு மாயாஜாலப் பெருங்கதை எழுதி முடித்துவிட்டார். கடலில் மிதக்கிற ஒரு நாடு. அது அள்ளுண்டு போகாமல் ஏழு நங்கூரங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். நங்கூரப் பூட்டின் திறப்பு மன்னரின் இடுப்பில் தொங்கும். பேசுகிற சங்குகள் உண்டு, பறக்கிற திருக்கைகள் உண்டு. அவற்றுக்கு நடுவே கப்பல்களும் உண்டு. ஒவ்வொரு கப்பலும் துறைக்குள் நுழையும்போது அதன் நீளம், அகலம், பாரம், வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். பழக்கதோஷம்.

“அப்பா ஆய்வுரைக்கு ஆள் தேடுறார்,” என்றாள் நிரோஜா. “நீங்கள் மூண்டையும் வாசிச்சு வடிவாப் பேசினா, உங்களில ஒரு நல்லெண்ணம் வரும். அதுக்குப் பிறகு நான் எங்கட விசயத்தைக் கதைக்கிறன்.”

“வாசிக்கிறதுதானே, அதென்ன பெரிய வேலை,” என்றேன்.

மூன்று கிழமை அவகாசம். முதலாம் பாகத்தின் கப்பல்கள் வந்து முடியவே இரண்டு கிழமை போய்விட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் மன்னர் ஆழிவேந்தர், தன் மகளை விரும்பிய ஏழைப் படகோட்டி தோணிமாறனைப் பார்த்துக் கர்ச்சிக்கிறார்: ‘இந்தத் தேசம் கடலோடு போனாலும் என் மகளை உனக்குத் தரமாட்டேன்.’ படகோட்டியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன், வேறு யாரை வைப்பேன்.

நேரம் போதாது. இரண்டாம் பாகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு மூன்றாம் பாகத்தைத் திறந்தேன். அங்கே மன்னர் இறந்து கிடக்கிறார். தேசம் நங்கூரமில்லாமல் தென்கடலில் அலைகிறது. இளவரசி தனியாக ஒரு குகையில் இருக்கிறாள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க ஏலாதவன் என்ன வாசகன்? மன்னர் பெண் கொடுக்கவில்லை, படகோட்டி பழிவாங்கிவிட்டான். முடிந்தது கதை. ஐந்நூறு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்த என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“இரண்டாம் பாகம் எப்பிடி இருந்தது?” என்று நிரோஜா கேட்டாள்.

“கண் கலங்கிட்டுது.”

“எந்த இடத்தில?”

“எல்லா இடத்திலயும்.”

அவள் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தைப் பார்த்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கப்படத் தெரியாத வயது.

விழா நாளன்று துறைமுகப் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. ஊருக்குள் உலாவுகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று யாரோ போட்ட அழைப்பிதழைத் தின்றுகொண்டிருந்தது (அன்றைக்கு அந்த விழா தொடர்பான எதையாவது முழுமையாக உட்கொண்டது அது ஒன்றுதான்). கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் பார்ப்பதற்காக ஃபேஸ்புக்கில் நேரலையும் போனது. தலைவர் வழக்கம்போல, “நூலை ஆழமாக வாசிக்கக் கிடைக்கவில்லை, ஆனால் தாள் நல்ல தாள்,” என்றார். முன்வரிசைக் கதிரையில் கிண்ணியாவிலிருந்து வந்த நசீர் சேர் இருந்தார். ஓய்வுபெற்ற அதிபர். மூன்று பாகங்களையும் மடியில் வைத்திருந்தார். இரண்டாம் பாகத்துக்குள்ளிருந்து ஒரு பென்சில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பென்சிலைக் கவனித்திருந்தால் நான் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘பாத்திரங்களின் முடிவுகளும் எதிர்பாராத விளைவுகளும்.’ ஆசிரியரே தெரிவுசெய்த தலைப்பு.

நன்றாகத்தான் தொடங்கினேன். இளவரசி ஒரு சங்குக்குப் பொய் சொன்னதால் மீனவர் தெருவே பட்டினி கிடந்ததைச் சொன்னேன் (முதலாம் பாகம், துணிந்து சொல்லலாம்). தளபதி இரக்கப்பட்டு விட்ட ஒரு திருக்கை, பிறகு அவர் வீட்டுக் கூரையையே தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். சபை சிரித்தது. கனகசூரியம் அங்கிள் தலையாட்டி ரசித்தார். அந்தத் தலையாட்டல் என் தலைக்கு ஏறியது.

“ஆனால் எல்லா அழிவுக்கும் தாய் ஒரு முடிவுதான்,” என்றேன். “மன்னர் ஆழிவேந்தர் தன் மகளை அந்த ஏழைப் படகோட்டிக்குக் கொடுத்திருந்தால், இந்தத் தேசம் இன்றைக்கும் நங்கூரத்தில் நின்றிருக்கும். ஒரு தகப்பனின் வீம்பு ஏழு நங்கூரத்தையும் அறுத்தது.” சொல்லிவிட்டு ஆசிரியரை அர்த்தத்தோடு பார்த்தேன். சபை கைதட்டியது. மேடையோரம் தட்டத்தோடு நின்ற நிரோஜா தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

நசீர் சேர் மெதுவாக எழும்பினார். “தம்பி, குறுக்க கதைக்கிறன் எண்டு நினைக்காதீங்க. மன்னர் மகளைக் குடுத்தவர்தானே?”

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அந்தக் கணத்தில் ‘மன்னிக்க வேணும் சேர், நான் இரண்டாம் பாகம் வாசிக்கேல்லை’ என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். நான் மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

“குடுத்தவர் சேர்,” என்றேன். “ஆனால் மனதாரக் குடுக்கேல்லை.”

சபை முன்னதைவிடப் பலமாகக் கைதட்டியது. வாசிக்காதவனின் ஆழம் வாசிக்காதவர்களுக்குத்தான் விளங்கும். நசீர் சேர் மட்டும் இரண்டாம் பாகத்தைத் திறந்து ஏதோ தேடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாவமென்று நினைத்திருக்க வேண்டும், கதிரையில் இருந்துவிட்டார்.

கடைசியாக ஏற்புரை. கனகசூரியம் அங்கிள் கோபப்படவே இல்லை. பதிவேடு வாசிக்கிற குரலில் சொன்னார்:

“மன்னர் மனதாரத்தான் குடுத்தவர். கலியாணத்தை மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கிறன். மருமகனில அவ்வளவு நம்பிக்கை வைச்சு, நங்கூரத் திறப்பையே சீதனமாக் குடுத்தவர். அந்த மருமகன்தான் நங்கூரத்தைக் கழட்டி நாட்டை எதிரிக்கு வித்தவன். ஆய்வுரை செய்த தம்பிக்கு நன்றி. தம்பி சொன்ன கதையும் நல்ல கதை. ஆனால் அதை நான் எழுதேல்லை.”

சபை அதற்கும் கைதட்டியது. பற்றிஸ் தட்டம் எனக்கு முன்னால் வந்தபோது அதைப் பிடித்திருந்தது நிரோஜா. ஒன்று எடுக்கக் கை நீட்டினேன். தட்டம் அடுத்தவரிடம் போய்விட்டது.

பிறகு ஐந்து நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. கந்தோரில் கடதாசிக் கோவையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள், போவாள். போன் எடுக்கமாட்டாள். அந்த ஐந்து நாளில்தான் இரண்டாம் பாகத்தை வாசித்தேன். மூன்றிலும் அதுதான் நல்லது. கப்பல்களே குறைவு. மன்னர் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற இடத்தில் உண்மையாகவே கண் கலங்கியது. ஒரு மனிதர் தன் பயத்தை எல்லாம் ஐந்நூறு பக்கத்தில் எழுதி என் கையில் தந்திருக்கிறார். நான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நித்திரை கொண்டிருக்கிறேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்தேன். உள்ளே குசினியில் ஒரு கோப்பைச் சத்தம்கூட இல்லை, அவ்வளவு கவனமாக நிரோஜா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்பவாவது வாசிச்சனீரோ?”

“ஓம் அங்கிள். முழுக்க வாசிச்சனான். அண்டைக்குப் பொய் சொன்னனான்.”

“மகள் உங்கட விசயம் எல்லாம் சொன்னவள். சரி, மன்னர் விட்ட பிழை என்ன, சொல்லும் பாப்பம்.”

“திறப்பைக் குடுத்தது.”

“இல்லை,” என்றார். “திறப்பு ஆரிட்டயும் இருக்கலாம். படகோட்டி கெட்டிக்காரன் எண்டு கண்டுதான் மன்னர் மனம் மாறி மகளைக் குடுத்தவர். அதுதான் பிழை. தோணிமாறன் சொன்ன பொய்யை ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மட்டக்களப்பு எஞ்சினியரும் நல்ல கெட்டிக்காரன் எண்டுதான் சொல்லுகினம். அதுதான் எனக்கு யோசனை. உம்மட பொய் ஒரு நிமிசம் நிண்டுபிடிக்கேல்லை. உம்மால ஒரு வள்ளத்தைக்கூட ஆருக்கும் தெரியாமல் விக்க ஏலாது. அந்த நம்பிக்கையில தாறன்.”

குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. நான் நன்றி சொல்லி எழும்பினேன், அவமானமா சந்தோசமா என்று தெரியாமல். வாசல்வரை வந்தவர், “சீதனமாத் திறப்பு ஒண்டும் தரமாட்டன்,” என்றும் சொன்னார். கலியாணமாகிப் பத்து வருடமாகிறது. அந்த வீட்டின் மேலதிகத் திறப்பு இன்னும் என் கைக்கு வரவில்லை.

மேடையில் நான் சொன்ன அந்த ஒரு வசனம்தான் எங்கள் வீட்டை ஆள்கிறது. பாண் வாங்க மறந்து வந்தால், “வாங்கினவர், ஆனால் மனதார வாங்கேல்லை,” என்பாள் நிரோஜா. கனடா மாமி போன் எடுத்தாலும் இதைச் சொல்லிச் சிரித்த பிறகுதான் சுகம் விசாரிப்பார். நேரலைக் காணொளி இன்னும் ஃபேஸ்புக்கில் கிடக்கிறது.

போன வருடம் நாலாம் பாகம் வெளிவந்தது. ஆய்வுரைக்கு நசீர் சேரைக் கூப்பிட்டார்கள், எனக்குக் கதிரை அடுக்குகிற வேலை. சமர்ப்பணப் பக்கத்தில் மாமா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இரண்டாம் பாகத்தை வாசிக்காமல் என் மகளைப் பெற்றுக்கொண்ட மருமகனுக்கு.’

அந்தப் பக்கத்தை மட்டும் ஊரில் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள்.