பதினாலாம் நம்பர் மறதி

அந்த மூக்குக்கண்ணாடி தன்னுடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல், தன் சொந்த மேஜைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார் பொருளாளர்.

"அடையாளம் சொல்லுங்க சார்," என்றாள் உதவியாளர் பெண். அவளுக்கு விதி என்றால் விதிதான்.

"கறுப்பு ஃபிரேம்மா. இடது காதுப் பக்கம் பல் பட்ட தடம் இருக்கும். யோசிக்கும்போது கடிப்பேன்."

அவள் திருப்பிப் பார்த்தாள். "தடம் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க."

"எங்கம்மா போடணும்? கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல."

"கையெழுத்து இல்லாம கண்ணாடி தர முடியாது சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

பொருளாளர் என்றதும் பணம் காசு வைத்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் டிப்போவில் தொலைந்த பொருட்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். அதனால் வந்த பட்டம். பயணிகள் விட்டுவிட்டு இறங்கும் குடை, செருப்பு, பல் செட் எல்லாவற்றையும் கண்டக்டர்கள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, பஸ் நம்பரை ஒட்டி அனுப்புவார்கள். தேடி வருகிறவரிடம் அவர் ஒப்படைப்பார். ஊராரின் மறதிதான் அவருக்குச் சோறு போட்டது.

கண்ணாடி வந்தது பதினாலாம் நம்பர் கூடையில். அவர் தினமும் ஏறுகிற பஸ்; வீட்டு கேட்டை ஒட்டியே நிற்கும். பஸ்ஸில் கண்ணாடியைக் கழற்றியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. போட்டுக்கொண்டு கிளம்பியதாகவும் ஞாபகம் இல்லை.

வேறொருவராக இருந்தால் வயசாகிறது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பாவும் அதே டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வண்டியில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டவர். இப்போது அல்சைமர். பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"நீங்க எங்க இறங்கணும்?"

"இங்கதான்பா," என்பார் பொருளாளர், சாயங்காலம் வீடு திரும்பியதும்.

"அப்ப சீக்கிரம் இறங்குங்க. வண்டி கிளம்பணும்."

இந்தப் பேச்சுக்கு மனைவியும் மகளும் பழகிவிட்டார்கள். பொருளாளரால்தான் பழக முடியவில்லை. துக்கத்தோடு ஒரு பயமும் உண்டு. அப்பாவின் மூக்கு வந்தாகிவிட்டது, வழுக்கை வந்தாகிவிட்டது, குறட்டையும் அச்சு அசல். பாக்கி இருப்பது இது ஒன்றுதான்.

மறுநாள் பதினாலாம் நம்பர் கூடையில் அவருடைய குடை வந்தது.

பொருளாளர் தொழில்முறையில் யோசித்தார். அலுவலகத்திலிருந்து மஞ்சள் அட்டைகளை ஒரு கட்டு எடுத்து வந்து, தன் பெயரெழுதி, 'கிடைத்தால் டிப்போவில் ஒப்படைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் கட்டிவிட்டார்.

"என்னங்க இது, வீடு முழுக்க வால் தொங்குது?" என்றாள் மனைவி.

"எதுக்கும் இருக்கட்டும். தொலைஞ்சாலும் என்கிட்டதானே வரும்?"

வந்தது. அடுத்த நாள் வீட்டுச் செருப்பு, சீப்பு, டிவி ரிமோட் மூன்றும் மஞ்சள் வாலோடு வந்து இறங்கின.

"கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கு சார்," என்றாள் உதவியாளர்.

பொருளாளர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ரிமோட் இங்க இருக்கு."

"ரிமோட்டை எதுக்குங்க பஸ்ஸுல எடுத்துட்டுப் போனீங்க?"

"நான் எடுத்துட்டு வந்தேனா?"

"இங்க இல்ல, அங்க இருக்கு. பின்ன, தானா நடந்து போச்சா?"

அன்றே டாக்டரிடம் போனார்.

டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடைசியில் மூன்று சொற்களையும் பொருளாளர் தலைகீழாகவும் ஒப்பித்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியலயே."

"ஆனா டாக்டர், இது பரம்பரையா வருமாமே?"

"அப்பாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சுது?"

"எழுபத்தஞ்சு தாண்டி."

"அப்ப ரொம்பப் பயப்பட வேண்டாம். சில குடும்பங்கள்ல ஒரே ஒரு மரபணு மாறிப்போய், சின்ன வயசுலயே வந்து, அடுத்தடுத்த தலைமுறைக்கும் இறங்கும். அது ரொம்ப அபூர்வம். மத்தவங்களுக்கு, அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுது. கட்டாயம் வரும்னு யாரும் சொல்ல முடியாது. மூக்கு மாதிரி நேரா வந்து ஒட்டிக்கிற விஷயம் இல்லைங்க இது."

"இது அப்பா மூக்குதான் டாக்டர்."

டாக்டர் அந்த மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கவலையிலயும் மறக்கும். அடிக்கடி காணாமப் போறதை எல்லாம் ஒரே இடத்துல வெச்சுப் பழகுங்க. தன்னால சரியாயிடும்."

வீட்டுக்கு வந்தால் மகள் சோபாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என் சார்ஜரைப் பார்த்தீங்களாப்பா? எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்ல."

பொருளாளர் விரல் விட்டு எண்ணினார். அப்பா, மகன், பேத்தி. தன் தலையெழுத்து தன்னோடு போகட்டும், இவள் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. சார்ஜர் தலையணைக்கு அடியில் கிடைத்த பிறகும் அந்தக் கண்ணீர் நிற்கவில்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே செய்தார். ஒரு கூடை வாங்கி, சாவிக்கொத்து, டார்ச், கத்தரிக்கோல், ரிமோட், மகளின் சார்ஜர் எல்லாவற்றையும் அதில் போட்டார். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்று அதை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க எங்க இறங்கணும்?" என்றார் அப்பா.

"இன்னும் தெரியலப்பா," என்றார் பொருளாளர். அது உண்மைதான்.

மறுநாள் மதியம் அந்தக் கூடை, கூடையாகவே டிப்போவுக்கு வந்து சேர்ந்தது.

"ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்திருக்கீங்க சார்," என்று உதவியாளர் மெல்லச் சொன்னாள். முதன்முறையாக அவள் அடையாளம் கேட்கவில்லை. அவள் விதியைத் தளர்த்தியதுதான் பொருளாளரை அடியோடு ஒடித்துப் போட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். "நாளைக்கு மேனேஜரைப் பார்த்து விலகிக்கிறேன்னு சொல்லிடப் போறேன். ஊரார் பொருளை என்னை நம்பிக் குடுக்கக் கூடாது."

"அதான் டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரே?"

"அவர் கடிகாரம்தானே வரையச் சொன்னாரு? ரிமோட்டைப் பத்திக் கேக்கவே இல்லயே."

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறவில்லை. பை இல்லை, குடை இல்லை; வெறும் கையை வீசிக்கொண்டு டிப்போ வரைக்கும் நடந்தே போனார். இன்றைக்கு எந்தப் பேய் வந்தாலும் பதினாலாம் நம்பரில் தன் பொருள் ஏற வழியே இல்லை. அந்த ஒரு நிம்மதியோடு மேனேஜர் வரக் காத்திருந்தார்.

மேனேஜருக்கு முன்னால் ஓர் இளைஞன் வந்தான். பதினாலாம் நம்பரின் புதுக் கண்டக்டர். கக்கத்தில் பெரிதாக ஒரு சட்டம்.

"இது கூடையில அடங்கல சார். அதான் நேர்ல கொண்டாந்தேன்."

பொருளாளர் வாங்கித் திருப்பினார். அவருடைய கல்யாணப் போட்டோ. ஹாலில், கைக்கெட்டுகிற உயரத்தில் மாட்டியிருந்தது. மூலையில் மஞ்சள் வால் தொங்கியது.

"அட்டையில பேர் இருக்கு, ஆனா யாருன்னு தெரியல சார். மாப்பிள்ளைக்கு முடி நிறைய இருக்கு," என்றான் கண்டக்டர்.

பொருளாளர் மஞ்சள் வாலைப் பிடித்துப் பார்த்தார். "எந்த... எந்த சீட்டுல கிடந்துச்சு?"

"சீட்டுலயா? பஸ்ஸுல யாரும் விடல சார். வழியில ஒரு ஸ்டாப்புல, கேட்டுப் பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரு. தினமும் ரெண்டாவது டிரிப்புல வண்டி நின்னதும் கேட்டுக்கு மேல கையை நீட்டி, 'சீட்டுல கிடந்துச்சு தம்பி, டிப்போவுல ஒப்படைச்சிடு'ன்னு எதையாவது குடுப்பாரு. இன்னைக்கு இதைக் குடுத்துட்டு, 'யாரோ பாவம், கல்யாணத்தையே வண்டியில விட்டுட்டு இறங்கிட்டாங்க'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."

பொருளாளர் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். உதவியாளர் பெண் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

கண்டக்டர் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினான்.

"அந்த வயசுல ஒரு நாளாவது மறந்திருக்கணுமே, மறக்கல சார். அப்படி ஒரு ஞாபகசக்தியெல்லாம் பரம்பரையா வரணும், நமக்கெல்லாம் எங்க வரப்போகுது?"