கார்டில் மட்டும் இருந்த தம்பி

“இந்த ஜம்புநாதன் யாரு ஓய்?”

சங்கரநாராயணனின் விரல் ரேஷன் கார்டின் ஐந்தாவது வரியில் நின்றது. சுந்தரராமன் அந்த விரலையே பார்த்தார். கார்டைக் கொண்டுவரச் சொன்னபோதே இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பம்பாய்க் கோட்டைப் பகுதி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு அது தெரியவில்லை.

“என் தம்பி.”

“உமக்குத் தம்பி உண்டா? பார்த்ததே இல்லையே.”

“வெளியில அவ்வளவா வரமாட்டான்.”

ருக்கு மெட்ரிகுலேஷன் பாஸ் செய்து, இண்டர் சயன்ஸில் இடமும் வாங்கிவிட்டாள். முதல் டெர்முக்கு எண்பத்துநாலு ரூபாய். சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். சுந்தரராமனின் சம்பளம் பஞ்சப்படியோடு சேர்த்து நூறு. அவர் நம்பியிருந்தது மாதுங்காக்காரர்கள் சேர்ந்து நடத்திய கல்வி உதவி நிதியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரநாராயணன் அதன் காரியதரிசி. மற்ற நாட்களில் காட்கோபரில் ஒரு கொப்பரைக் கிடங்குக்கு மானேஜர்.

நிதிக்கு ஒரே விதி. வீட்டு வருமானத்தைத் தலைக்கு வகுத்தால் இருபது ரூபாய்க்கு மேல் வரக்கூடாது. தலைகளுக்கு அத்தாட்சி ரேஷன் கார்டு. சுந்தரராமன், மனைவி அகிலாண்டம், ருக்கு, சின்னப் பையன் என்று நாலு பேருக்கு வகுத்தால் இருபத்தைந்து வரும். ஜம்புவைச் சேர்த்தால் கச்சிதமாக இருபது.

ஜம்பு பிறந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், தன் இருபத்தாறாவது வயதில். யுத்தத்தின் நடுவில் ரேஷன் வந்தபோது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க வந்தவனிடம் அகிலாண்டம் ஒரு மச்சினனைச் சேர்த்துச் சொன்னாள். குழந்தைக்கு அளவு குறைவு என்று கேள்விப்பட்டு, நேராகப் பெரியவனாகவே பெற்றுவிட்டாள். அரிசியைக் குறைத்துக் கொடுத்த கோதுமையையும் சோளத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத மாதுங்காவில், அந்த மாதம் பல வீடுகளில் இப்படிப் பிரசவம் நடந்தது. யுத்தம் முடிந்தது. ஜம்பு முடியவில்லை. வாரா வாரம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தான்.

“வயசு இருபத்தொன்பது. என்ன பண்றான்?” என்றார் சங்கரநாராயணன்.

“சும்மாதான் இருக்கான்.”

“இருபத்தொன்பது வயசுல சும்மாவா?”

“உடம்பு அவ்வளவா சரியில்லை.”

“அடடா. என் ஷட்டகர் தாதர்ல டாக்டர். நாளைக்கே உம்மாத்துக்கு வரச் சொல்றேன். காசு வாங்கமாட்டார்.”

“இப்போ தேவலையாயிடுத்து,” என்றார் சுந்தரராமன் அவசரமாக.

“எப்போலேர்ந்து?”

“இந்த வாரமா.”

சங்கரநாராயணன் பேனாவை மூடினார். “அப்போ என்ன கவலை? என் கிடங்குல எடை குமாஸ்தா வேலை காலி. நம்ம மனுஷா யாராவது கிடைப்பாளான்னு பார்த்துண்டிருக்கேன். புதன்கிழமை சாயங்காலம் அவனை அழைச்சுண்டு வாரும். ஆளைப் பார்த்துட்டு உம்ம ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்.”

வீட்டில் அகிலாண்டம் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாள். “செத்துப்போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“செத்தா நாலு பேர். தலைக்கு இருபத்தஞ்சு.”

“பைத்தியம்னு சொல்றது.”

“அதுக்கும் ஒரு டாக்டர் வெச்சிருப்பார். அந்த மனுஷனுக்கு உதவி பண்ற வியாதி.”

“சம்பாதிக்கற தம்பியைப் பெத்திருந்தா இந்தக் கஷ்டம் இல்லை.”

“நானா பெத்தேன்? நீதானேடி பெத்தே.”

ருக்கு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “சித்தப்பாவை ஒரு தடவை காட்டிட்டாப் போறதுப்பா. மெட்ராஸ்ல வேலை கிடைக்கப் போறது, இது வேண்டாம்னு அவரே சொல்லட்டும். கையெழுத்து விழுந்துடும்.”

இண்டர் சயன்ஸுக்கு இடம் கொடுத்தவர்கள் தவறு செய்யவில்லை என்று சுந்தரராமனுக்குத் தோன்றியது.

சித்தப்பாவாக வரக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். ரேஷன் கடையில் எடை போடும் சிவனாண்டி. திருநெல்வேலிக்காரன், தாராவியில் இருப்பவன். எட்டாவது வரை படித்து, யுத்தச் சாமான் செய்த ஒரு தொழிற்சாலையில் இருந்து, யுத்தம் நின்றதும் ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். ஜம்பு என்று ஒருவன் இல்லை என்பது அவனுக்கு மூன்று மாதமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் தராசைத் தூக்கும்போது, “தம்பி சௌக்கியமா சாமி? வயித்துக்கு ஒத்துக்கிடுதா?” என்று கேட்பான்.

சுந்தரராமன் அவனைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார்.

“ஒரு மணி நேரம் போதும். எனக்குத் தம்பியா இருக்கணும்.”

“எனக்கு என்ன தருவிய?”

“ஜம்புவோட ஒரு வார அரிசி.”

“மூணு மாசமா நான் அளந்து விட்ட அரிசிய எனக்கே தாரியளாக்கும்.” சிவனாண்டி சிரித்தான். “சரி சாமி. பொறக்காத பயலுக்கு நாந்தான் ஆவிய குடுக்கணும்னு எழுதியிருக்கு.”

செவ்வாய்க்கிழமை ருக்கு அவனுக்குப் பாடம் எடுத்தாள். ‘வாரேன்’ இல்லை, ‘வரேன்’. ‘அண்ணாச்சி’ இல்லை, ‘அண்ணா’. ‘சொன்னாவ’ இல்லை, ‘சொன்னா’. அரை மணி நேரத்தில் அவள் கைவிட்டாள்.

“நீங்க பேசவே வேண்டாம் சித்தப்பா. தலையை மட்டும் ஆட்டுங்கோ. வேலைன்னு வந்தா மட்டும், மெட்ராஸ்ல ஆர்டர் வரப்போறதுன்னு சொல்லுங்கோ.”

“மெட்ராஸ்ல ஆர்டர் வரப்போவுது.”

“போறது.”

“அதாம்மா. போவுது.”

புதன்கிழமை சாயங்காலம், சுந்தரராமனின் வேஷ்டியும் சட்டையும் அணிந்து, நெற்றியில் விபூதியோடு சிவனாண்டி சங்கரநாராயணனின் கூடத்தில் உட்கார்ந்தான். காபி வந்தது. தலையை ஆட்டினான். உடம்பு எப்படி என்று கேட்டார். ஆட்டினான். சுந்தரராமனுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

“கொப்பரையைப் பத்தி ஏதாவது தெரியுமோ?” என்றார் சங்கரநாராயணன்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“உடைச்சாத் தெரிஞ்சிரும் சார்,” என்றான் சிவனாண்டி. “சடக்குன்னு கேட்டாக் காஞ்சது. சத்தமில்லாம வளைஞ்சா ஈரம். ஈரச்சரக்க மூட்டைக்கு நடுவுலதான் வச்சிருப்பானுவ. மேல கைய விட்டுப் பாத்துட்டு ஏமாந்துரக் கூடாது. தராசுத் தட்டையும் திருப்பிப் பாக்கணும். அடியில புளிய அப்பி வச்சிருப்பானுவ.”

சங்கரநாராயணன் முன்னால் சரிந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு ஒளி வந்திருந்தது. பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“அதென்ன ஓய், உம்ம தம்பி பேச்சு இப்படி இருக்கு?”

“திருநெல்வேலில அத்தையாத்துல வளர்ந்தான்,” என்றார் சுந்தரராமன். “அத்தை வைத்தியத்துக்குன்னு கூட்டிண்டு போனா. அப்படியே தங்கிட்டான்.”

“பேச்சு கிடக்கு. எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஆள்தான். ஏம்ப்பா ஜம்பு, மாசம் அறுபது ரூபாய். நாளைக்கே ரேஷன் கார்டோட வந்து சேர்றயா?”

சுந்தரராமன் சிவனாண்டியைப் பார்த்தார். சிவனாண்டி சுவரைப் பார்த்தான். ரேஷன் கடையில் அவனுக்கு மாசம் பதினெட்டு.

“மெட்ராஸ்ல...” என்று எடுத்துக் கொடுத்தார் சுந்தரராமன்.

“மெட்ராஸ்ல என்ன அண்ணா இருக்கு?” என்றான் சிவனாண்டி. “நான் வரேன் சார்.”

வாழ்நாளில் முதல் தடவையாக ‘வரேன்’ என்பதைச் சரியாகச் சொன்னான்.

சங்கரநாராயணன் மகிழ்ச்சியோடு ருக்குவின் ஃபாரத்தை எடுத்தார். நூறையும் அறுபதையும் கூட்டினார். ஐந்தால் வகுத்தார். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“தலைக்கு முப்பத்திரண்டு. நிதியோட உதவியே உமக்கு வேண்டாம்படி பண்ணிட்டேன் பாரும்.”

தெருவில் இறங்கியதும் சுந்தரராமன் சிவனாண்டியின் கையைப் பிடித்தார். “என்னடா பண்ணிட்டே? என் பொண்ணு வாயில மண்ணைப் போட்டுட்டியே.”

“நீங்க என் எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பிய சாமி? பதினெட்டா, அறுவதா?”

“நான் போய் உண்மையைச் சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. மூணு வருச அரிசிக்கும் கணக்குக் கேப்பான் சர்க்கார். எனக்கென்ன, நான் தாராவிக்குப் போயிருவேன்.” கையை நீட்டினான். “கார்டக் குடுங்க. சேரையில காட்டணும்னு சொன்னாருல்லா. நீங்க வாயத் தொறக்காம இருந்தா நானும் நல்ல தம்பியா இருப்பேன்.”

சுந்தரராமன் கார்டைக் கொடுத்தார்.

“கார்டையுமா?” என்றாள் வீட்டில் அகிலாண்டம். “என்னையும் சின்னவனையும் கேக்கலையா?”

ருக்கு காலேஜ் புரஸ்பெக்டஸை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அகிலாண்டத்தின் பேச்சைவிட அதுதான் அவரைக் குத்தியது.

வியாழக்கிழமை ஆபீஸில் சுந்தரராமன் ஒரு யோசனை கண்டுபிடித்தார். சாயங்காலம் நேராகச் சங்கரநாராயணனிடம் போனார்.

“தம்பி தனியாப் போயிட்டான். எனக்கு ஒரு பைசா தரமாட்டேன்னுட்டான். அவன் சம்பளத்தை என் கணக்குல சேர்க்கறது நியாயமில்லை.”

“வேலை கிடைச்ச முதல் நாளேவா?”

“முதல் நாளேதான்.”

“அப்போ அவனை விட்டுட்டுக் கணக்குப் போடணும். நாலு பேருக்கு நூறு.” சங்கரநாராயணன் மனசுக்குள் வகுத்தார். “இருபத்தஞ்சு. அப்பவும் முடியாதே ஓய்.”

இந்த வகுத்தல் சுந்தரராமனுக்கு ஏற்கெனவே தெரியும். பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

“ஆனா அவனைச் சும்மா விடப்படாது,” என்றார் சங்கரநாராயணன். குரல் உயர்ந்திருந்தது. “வருஷக்கணக்கா சோறு போட்ட அண்ணாவை அம்போன்னு விடறதா? நாளைக்குக் கிடங்குல நான் பேசறேன்.”

“வேண்டாம். குடும்ப விஷயம். பெரிசுபடுத்த வேண்டாம்.”

“நீர் பேசாம இரும்.”

வெள்ளிக்கிழமை மாலை அவரே சுந்தரராமனின் வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். “ஒரு மணி நேரம் பேசினேன். அழுதுட்டான் ஓய். ‘அண்ணாதான் எனக்குத் தெய்வம், அவர் குடும்பம் என் பொறுப்பு’ன்னு சத்தியம் பண்ணினான். ஒரு மாசச் சம்பளத்தை முன்பணமாக் கேட்டான். குடுத்தேன். வாங்கிண்டு மத்தியானமே லீவு போட்டுட்டுப் போனான். ஆத்துக்கு வந்திருப்பானே?”

“வந்தான், வந்தான்,” என்றார் சுந்தரராமன்.

சங்கரநாராயணன் படியிறங்கிப் போனதும் அகிலாண்டம் கதவைச் சாத்தினாள். “அறுபது ரூபாயும் ரேஷன் கார்டும். இந்நேரம் திருநெல்வேலி ரயில்ல இருப்பான். திங்கக்கிழமை அந்த மனுஷர் தம்பி எங்கேன்னு கேப்பார். என்ன சொல்லப் போறேள்?”

“செத்துப்போயிட்டான்னு சொல்றேன்.”

“இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும்.”

சனிக்கிழமை காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சுந்தரராமன் ருக்குவை அழைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனார். இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் டெபாசிட் ஐந்து ரூபாயாவது திரும்பி வரும். டிராமில் ருக்கு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். “டைப்ரைட்டிங் கிளாஸ் எப்போ ஆரம்பிக்கறதுப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் கிட்டு என்ற ஒல்லியான குமாஸ்தா இருந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். சுந்தரராமன் நீட்டிய கடிதத்தை வாங்கிப் படித்தான். லெட்ஜரைப் புரட்டினான். மறுபடி கடிதத்தைப் பார்த்தான்.

“எதுக்கு மாமா சீட்டை விடறேள்? ஃபீஸ் கட்டியாச்சே.”

“யார் கட்டினா?”

“பொண்ணோட கார்டியன். சித்தப்பா ஜம்புநாதன். நேத்து மத்தியானம் வந்தார். ஏழைக் கார்டியன் சலுகைல பாதி தள்ளுபடி. மீதி நாற்பத்திரண்டு ரூபாயை ரொக்கமாக் கட்டிட்டார். இதோ ரசீது. ரேஷன் கார்டையும் உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னார்.”

ருக்கு ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சுந்தரராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தள்ளுபடி எப்படிக் குடுத்தா?”

“அறுபது ரூபாய்ச் சம்பளம். அவரை நம்பி நாலு பேர். பிரின்ஸிபாலே பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டார்.”

“நாலு பேரா?” சுந்தரராமன் விரல்விட்டு எண்ணினார். அகிலாண்டம், ருக்கு, சின்னவன். “மூணுதானேப்பா வரது. நாலாவது யாரு?”

கிட்டு பேனாவைக் கீழே வைத்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சித்தப்பா எல்லாம் சொன்னார் மாமா. உங்களுக்கு வேலை போயி ரெண்டு வருஷம் ஆச்சாம், ஆத்துல தெரியக்கூடாதுன்னு தினம் டிபன் டப்பாவைத் தூக்கிண்டு கோட்டை வரைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வரேளாம். மாமிகிட்ட நாங்க யாரும் மூச்சு விடமாட்டோம்.”