நாற்காலி விமானி

மனிதர்களில் நடப்பவர் உண்டு, ஓட்டுபவர் உண்டு, ஓட்டுபவருக்குப் பின்னால் உட்கார்ந்து “பார்த்து, பார்த்து” என்று சொல்லியே ஊர் போய்ச் சேருபவர் உண்டு. இந்த மூன்றிலும் சேராத இனம் ஒன்று சில காலமாகப் பெருகி வருகிறது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் நாற்காலி விமானி. அடையாளம் கண்டுகொள்வது எளிது. வீட்டிலேயே நல்ல நாற்காலி எதுவோ, அதில் இருக்கும். தலையில் ஹெட்செட், எதிரே கணினித் திரை, திரை நிறைய மேகம். கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கும். முகத்தில் மட்டும் முந்நூறு உயிர்களின் பாரம்.

அதில் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் தம்பி.

தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, கெட்டிக்காரன். பகலில் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் இயந்திரத்துக்கு அவன்தான் பொறுப்பு. எண்ணைத் தட்டினால் அதுவே கலந்துவிடும். டப்பாவை வைப்பதும் எடுப்பதும் இவன். மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு எஞ்சின் வைத்த பெரிய விமானத்தில் ஏறிவிடுவான். கணினியில்தான். விளையாட்டு என்று அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். ‘சிமுலேட்டர்’ என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் நல்லது.

இவன் அதை எப்படி ஓட்டுகிறான் என்கிறீர்களா? எங்கிருந்து, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று தட்டிக் கொடுப்பான். ரன்வேயில் தயாராக நிற்கும் விமானம் தானே ஓடும், எழும்பும். எழும்பியதும் ஆட்டோபைலட் என்று ஒரு பொத்தான், அதை அமுக்குவான். அதோடு சரி. திரும்புவது அது, ஏறுவது அது, காற்றடித்தால் சமாளிப்பது அது, போக வேண்டிய ஊர் வந்ததும் பூப்போல இறங்குவதும் அதுவே. நடுவில் மணிக்கணக்கான வேலையெல்லாம் அதனுடையது. பெருமூச்சு இவனுடையது.

“ஏங்க, அந்த பல்ப கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்” என்றாள் ஒருநாள் என் தம்பி மனைவி.

“விமானம் நடுவானத்துல இருக்கு.”

“அதான் தானா ஓடுதே?”

“தானா ஓடுறதுனாலதான் பக்கத்துலயே இருக்கணும். நான் ஓட்டியிருந்தா எப்பவோ எந்திரிச்சு வந்திருப்பேன்.”

ஏணியில் ஏறி அவளே மாற்றினாள். ஏணியைப் பிடித்தது நான். “பாத்து, இடது கால எடுத்து வை” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கண்காணித்தது அவன்.

கண்காணிப்பு என்பது இந்த இனத்தின் உயிர்ச்சொல். “சும்மாதானே இருக்கே?” என்று கேட்டுவிட்டால் நாற்காலி விமானிக்கு முகம் சிவந்துவிடும். சும்மா இல்லையாம், கண்காணிக்கிறானாம். சும்மா இருப்பதற்கும் கண்காணிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் உற்றுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கண்காணிக்கும்போது புருவம் சுருங்கியிருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது அநாவசியப் பேச்சு கூடாது. அது நிஜ விமானிகளுக்கே உள்ள விதியாம். ஆகவே எங்கள் வீட்டு நிர்வாகம் முழுக்க அடிக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. பார்சல்காரர் வந்து நின்றால், “இருக்காரு, ஆனா ஏழாயிரத்துலதான் இருக்காரு, கொஞ்சம் பொறுங்க” என்று என் தம்பி மனைவி வாசலில் சொல்வாள். பார்சல்காரரும் முதலில் முழித்தார். பிறகு பழகி, வண்டியை நிறுத்தும்போதே “ஏறியாச்சாம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

நிஜ விமானத்தில் இவன் ஒரே ஒரு தடவை போயிருக்கிறான், எங்கள் உறவுக்காரர் கல்யாணத்துக்கு. இறங்கும்போது சக்கரம் லேசாகத் தட்டியது. அவ்வளவுதான், பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் திரும்பி, இழவு வீட்டில் பேசுகிற குரலில், “கையால இறக்கிட்டான்ங்க” என்றான்.

நாற்காலி விமானிகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து கூட்டமாக வாழ்பவர்கள். அவர்களுக்கென்று இணையத்தில் மன்றம் இருக்கிறது. மன்றத்தில் பதவிகள் இருக்கின்றன. என் தம்பி அதில் துணை விமானி. அடுத்தது கேப்டன். கேப்டன் ஆனால் பெயருக்குப் பக்கத்தில் நான்கு தங்கக் கோடு போடுவார்கள். கோட்டினால் சம்பளமா கூடப் போகிறது என்று கேட்காதீர்கள்; நான் கேட்டு, ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. கேப்டன் ஆக ஒரு தேர்வு உண்டு. தேர்வாளர் தம் வீட்டுத் திரையில் இவன் விமானத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். தேறினால் கேப்டன். தவறினால் மறுபடி அடிமட்டம்: ஒற்றை எஞ்சின், முன்னால் சுழலும் விசிறி, ஆட்டோபைலட் கிடையாது, நேற்றுச் சேர்ந்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

எங்கள் ஆள் என்ன செய்தான்? தேர்வுக்கு முன்னாலேயே, கேப்டன் ஆகப்போவதாகப் பெயிண்ட் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டான். மனைவியின் தம்பியிடமும் சொல்லிவிட்டான். கேப்டன் தொப்பியும் வாங்கிவிட்டான். முதலாளியைச் சமாளிக்கலாம், தொப்பியை ஒளித்து வைக்கலாம். மச்சான் வாயை யாரால் மூட முடியும்?

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மச்சான் சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து விமானிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, ஜன்னலோர சீட்டு கிடைக்குமா?”

“பேசாம இரு மச்சான். சார் கேட்டுட்டு இருக்காரு.”

சார் என்றது தேர்வாளரை. நிஜத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவராம். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டிருந்தான். நிதானமான குரல். அந்தக் குரலைக் கேட்டதும் நானும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

விமானம் கிளம்பியது, எழும்பியது, பொத்தான் அமுங்கியது. கை மடிக்கு வந்தது. கடல் வந்தது, போனது. மலை வந்தது, போனது. மச்சான் வாயைப் பிளந்து தூங்கினான். நடுவில் தேர்வாளர் தம் வீட்டிலிருந்தே ஒரு எஞ்சினை அணைத்துப் பார்த்தார். தம்பி அசரவில்லை, ஆட்டோபைலட்டும் அசரவில்லை. புயலைக் கிளப்பினார், இருவரும் அசரவில்லை. கடைசியில் விமானம் ரன்வேயின் நடுக்கோட்டில், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறங்கி, தானே வேகத்தைக் குறைத்து, நின்றது.

நான் கை தட்டினேன். தம்பி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

“ரொம்ப நல்லா இருந்தது” என்றது ஒலிபெருக்கி. “சரி, கேட்டுக்குக் கொண்டு போங்க.”

“சார்?”

“பயணிகள் இறங்கணும்ல? அதோ தெரியுது பாருங்க கட்டடம், அங்க கொண்டு போய் நிறுத்துங்க.”

தம்பி திரையைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான். ஆட்டோபைலட் பொத்தானை அமுக்கினான். விமானம் அசையவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக, விமானம் தரையைத் தொட்டு நின்ற உடனே விளையாட்டை மூடிவிட்டுச் சாப்பிட வந்துவிடுவானே, இவன் எங்கே கட்டடம் வரைக்கும் போனான்? வானத்தில் ஓட்டும் ஆட்டோபைலட்டுக்குத் தரையில் உருட்டத் தெரியாதாம். இவனுக்கும் தெரியாது.

“நிறைய பறந்திருக்கீங்கன்னு போட்டிருக்கே” என்றார் தேர்வாளர். “இதுவரைக்கும் ஒருத்தரையாவது இறக்கி விட்டிருக்கீங்களா?”

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்: “அப்ப, இத்தன நாளா நீங்க ஏத்திட்டுப் போனவங்க எல்லாரும் இன்னும் ரன்வேலயேவா உக்காந்திருக்காங்க?”

மச்சான் விழித்துக்கொண்டான். “என்ன மாமா, ஊர் வந்துருச்சா?”

“வந்துருச்சு, ஆனா இறங்க முடியாது” என்றாள் அவன் அக்கா.

“பரவால்ல, நிதானமா முயற்சி பண்ணுங்க” என்றார் தேர்வாளர். நல்ல மனிதர். தம்பி மேசைக்கடியில் குனிந்து, தரையில் திருப்புவதற்கென்று வாங்கிய மிதிகளைத் தேடினான். அவற்றின் மேல் பழைய செய்தித்தாள் கட்டு உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு மிதித்தான். அவ்வளவு பெரிய விமானம் கயிறறுத்த கன்றுக்குட்டி மாதிரி ரன்வேயை விட்டுப் புல்லில் இறங்கியது.

“இடது, இடது!” என்றாள் மனைவி.

“எனக்கு இடதா, விமானத்துக்கு இடதா?”

“ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பாத்துட்டு இருக்கீங்க!”

விமானம் பயணிகளின் பெட்டிகளை ஏற்றும் வண்டி ஒன்றைத் துரத்தியது. பெட்டி வண்டி தப்பித்துக்கொண்டது. விமானம் தீயணைப்பு நிலையத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு பெரிய தகரக் கொட்டகை முன்னால் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. தம்பி மூச்சு வாங்கியபடி, “கேட்டுக்கு வந்துட்டேன் சார்” என்றான்.

“அது சரக்குக் கிடங்கு.”

மச்சான்கூடச் சிரிக்கவில்லை, பிறகு நிதானமாகச் சிரித்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்திருந்தான். தம்பியின் காது சிவந்துபோயிருந்தது. சின்ன வயதில் பந்தயத்தில் தோற்றால் இப்படித்தான் ஆகும். எனக்குத் தாங்கவில்லை. மைக்கின் பக்கம் குனிந்தேன்.

“சார், நான் அவன் அக்கா பேசறேன். கடல் தாண்டி, மலை தாண்டி, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லாம கொண்டுவந்து சேத்திருக்கான். இந்தா இருக்கு கட்டடம். இங்கேருந்து நடந்து போக முடியாதா அவங்களுக்கு?”

“அம்மா, விமானத்தோட வாசல் ரெண்டு மாடி உயரத்துல இருக்கும்மா.”

“ஏணி வச்சுக் குடுங்க. எங்க வீட்ல இருக்கு.”

கண்ணாடிக்கடைக்காரர் இருமினார். இருமல் நீண்ட நேரம் நீடித்தது; சிரிப்பைத்தான் இருமிக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு தீர்ப்பைச் சொன்னார். கேப்டன் இல்லை. ஒற்றை எஞ்சின்.

மறுநாள் மாலை என் தம்பி முதல்முறையாக விமானம் ஓட்டினான். இதை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையும் வேலை செய்தன. காலும் வேலை செய்தது. நாக்கு வெளியே வந்தது. தேநீர் ஆறிப்போனது. மூக்கில் அரித்தபோது மனைவியைக் கூப்பிட்டுச் சொறிந்துவிடச் சொன்னான். சின்ன விமானம் ஏறி இறங்கி, குலுங்கி, ஒரு மாட்டுக் கொட்டகையைத் தொட்டும் தொடாமலும் போய் வயலில் இறங்கியது. தம்பி திரும்பி எங்களைப் பார்த்தான். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“நானே ஓட்டினேன் அக்கா!”

“பாத்தேன்டா. நல்லா ஓட்டினே.” என் தம்பி திருந்திவிட்டான் என்று அன்றைக்கு நம்பினேன்.

அந்த வார முடிவில் பார்சல்காரர் ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்தார். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பொருத்திக்கொள்ள ஒரு கருவி. பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஒரு பொத்தானை அமுக்கினான். கை இரண்டும் மடிக்கு வந்தன. புருவம் சுருங்கியது.

“என்னடா இது?” என்றேன்.

“ஆட்டோபைலட்க்கா. இப்ப ஓட்டத் தெரிஞ்சிருச்சுல்ல, இனிமே கண்காணிச்சாப் போதும்.”

மன்றத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இன்றுவரை ஒரு கோடுகூட இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. உங்களிடம் விமானமும் இல்லை, தொப்பியும் இல்லை. ஆனால் சற்று முன் யாரோ போனில் கூப்பிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, “துணி துவைச்சுட்டு இருக்கேன்” என்று அலுப்போடு சொன்னது யார்? துவைத்துக்கொண்டிருந்தது உங்கள் வீட்டுச் சலவை இயந்திரம். நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தீர்கள். போகட்டும். அது சுற்றி முடித்து மணியடித்து வெகுநேரம் ஆயிற்றே, கேட்கவில்லையா? எழுந்து போய்க் கதவைத் திறந்து பாருங்கள். உங்கள் பயணிகள் உள்ளே நனைந்துபோய், ஒருவர் மேல் ஒருவர் சுருண்டு, யாராவது வந்து இறக்கிவிட மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள்.