முப்பத்தாறு சென்டிமீட்டர் தலைமுடி

தஞ்சாவூர் கீழவாசல் முழுவதிலும் முடி சாருக்கு ஒருவர் முகமும் தெரியாது. தலைகள் மட்டும்தான் தெரியும். ஆறு வருஷம் ஒரே கடையில் டீ குடித்தவர், கடைக்கார பாய் மெக்காவுக்கு உம்ரா போய் மொட்டைத் தலையோடு திரும்பிய அன்று, "நீங்க யாருங்க? பழைய முதலாளி வரலையா?" என்று கேட்டார். பாய் சளைக்கவில்லை. "அவரு முடி வளந்ததும் வருவாரு சார்" என்றார்.

சார் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தார். படிகங்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் அவர் முதல் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்பு பிலிம் துண்டுகள் இருக்கும். கற்கண்டு, உப்பு, எது கையில் கிடைத்தாலும் அவற்றுக்கு நடுவே வைத்துத் திருப்புவார். வெறும் கற்கண்டில் மயில் நிறமெல்லாம் வரும். ஒருநாள் ஒரத்தநாடு பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை அப்படிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஸ்ட்ரெஸ் ரொம்ப இருக்குங்க" என்று கண்டக்டரிடம் கவலையோடு சொன்னார். "எனக்கும்தான் சார் இருக்கு. ஸ்டாப் வந்திருச்சு, எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

படிகத்திலிருந்து முடிக்கு எப்படி வந்தார் என்றால், முடியையும் அந்த பிலிமுக்கு நடுவே வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் படிகம் மாதிரியே மினுங்கியது. அதோடு விட்டிருக்கலாம். முடி எதனால் ஆனது என்று தோண்டப் போய், ஐசோடோப்பில் விழுந்தார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது. அதிலேயே கொஞ்சம் கனமான ஒரு வகையும் உண்டு. கறி, மீன் தின்பவன் முடியில் கனமானது கூடுதலாக இருக்கும், காய்கறிக்காரன் முடியில் குறைவாக இருக்கும். குடித்த தண்ணீர்கூட எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று ஓரளவு தெரியும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே நீள முடி என்பது ஒரு டைரி. ஆறு வருஷமாக அந்த டைரியைப் படிக்கத்தான் சார் பாடுபட்டார்.

நான் வடக்கே மூன்று வருஷம் அலைந்துவிட்டு அப்போதுதான் தஞ்சாவூரில் வந்து இறங்கியிருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. எந்த ஊரிலும் கால் தரிக்காது. மஞ்சள்காமாலை வந்தபோது, குணமானதும் சீர்காழி பக்கத்துக் கோயிலில் மொட்டை போடுவதாக என் அக்கா வேண்டிக்கொண்டாள். குணமானது, நான் மொட்டை போடாமல் ரயிலேறிவிட்டேன். வேண்டுதல் முடியில் கத்தரி படக்கூடாது என்பதால் அது பாட்டுக்கு வளர்ந்தது.

பாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் ஏதோ ஊர்ந்தது. திரும்பினால், ஸ்கேலோடு ஒருவர்.

"அசையாதீங்க. முப்பத்தாறு சென்டிமீட்டர்! மூணு வருஷம் தொங்குது! எங்கெல்லாம் இருந்தீங்க?"

"பல ஊர் சார்."

"அப்படிச் சொல்லுங்க! இந்தத் தெருவுல ஒரு தலையும் தஞ்சாவூரைத் தாண்டல. எல்லா முடியிலயும் ஒரே அரிசி. வெட்டிக்கட்டுமா?"

"சாமி முடி சார். கோயில்ல எறக்கணும்."

மறுநாள் அவரே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டார். மொட்டை போடும் இடத்தில் மண்டியிட்டு, அலுமினியத் தாளும் நூலுமாக, "வேர் பக்கம்! வேர் பக்கம் மாறக் கூடாது!" என்று கத்தினார். நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "முடி சாமிக்கா, இவருக்கா? அதை மொதல்ல சொல்லுங்க." பேசி முடித்ததில், ஒரு கொத்து சாருக்கு, மற்றதெல்லாம் சாமிக்கு என்று ஏற்பாடானது. சாமியைவிட சார்தான் பவ்யமாக வாங்கிக்கொண்டார்.

அன்றே எனக்கு வேலையும் கொடுத்தார். கார் ஓட்டுவது, முடியை சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கிக் கவரில் போடுவது. பேர் எழுதிய கவர்களைப் பார்த்த தெரு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டு அம்மா மருமகளின் முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்.

"இவ வாயைக் கட்டணும் சார்."

"கட்டத் தெரியாதுங்க. அந்த வாய்க்குள்ள என்ன போச்சுன்னு வேணா சொல்றேன்."

பதினைந்து நாள் கழித்துச் சொன்னார்: "மீன் நிறைய சாப்பிடறாங்க. நல்ல ஆரோக்கியம்." அந்த வீடு சுத்த சைவம். அன்று அங்கே நடந்ததை நான் எழுதப் போவதில்லை. மருமகள் பேராவூரணிக்குக் கிழக்கே கடலோரத்துப் பெண். அதற்குப் பிறகு நெத்திலியை அவள் வாசலிலேயே வாங்கினாள்.

இனி என் டைரி. முடி சொல்வதோடு ஒப்பிட, மாசாமாசம் நான் எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று சார் நோட்டில் எழுதினார். அதையும் பாய் கடையில் நாலு பேர் நடுவில்தான் கேட்டார். எல்லாம் சரியாகவே சொன்னேன், நாலு மாசம் தவிர.

"அந்த நாலு மாசம் ஹூப்ளியில சைவ ஓட்டல் வேலை சார். மூணு வேளையும் சாப்பாடு. மத்தியானம் பாயசம்."

"நல்ல எடமா இருக்கே, ஏன்டா விட்டே?" என்றார் பாய்.

"பாயசம் திகட்டிருச்சு பாய்."

உண்மையில் அது ஓட்டல் இல்லை. ஒரு பாலம் கட்டும் வேலை. காண்டிராக்டர் ஓடிப்போனான். பாஷை தெரியாத ஊரில் நாங்கள் நாலு பேர், பாதி கட்டிய பாலத்துக்கு அடியில் இருந்தோம். ஒரு பன் கிடைத்தால் அது விருந்து. மற்ற நாள் குழாய்த் தண்ணீர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதுதான் எனக்குப் பிடிக்காது. அக்காவிடமும் பாயசக் கதைதான் சொல்லியிருந்தேன்.

சோதனை முடிவு வந்தது. சார் பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"அந்த நாலு மாசம் தினம் மட்டனா?"

"சைவ ஓட்டல் சார்."

"திருட்டுத்தனமா கோழி கீழி?"

"சத்தியமா இல்ல சார்."

மறுபடி செய்தார். மூன்றாம் முறையும் செய்தார். நாலு மாசமும் கறி என்றே வந்தது. மெஷினைத் திட்டினார், நறுக்கிய என்னைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். ஆறு வருஷ வேலையைக் கட்டுரையாக எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பதில் போக வேண்டும். வியாழக்கிழமை மதியம் நான் மாடி ஏறினால், தெருக்காரர்களின் முடிக் கவர்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"அவங்கவங்க முடியை அவங்கவங்ககிட்ட குடுத்துரலாம்ப்பா. கட்டுரையை வாபஸ் வாங்கிடறேன். இந்த முறை தப்பு."

"எப்படி சார் தப்புன்னு சொல்றீங்க?"

"நீ ஒண்ணு சொல்றே, முடி ஒண்ணு சொல்லுது. அப்ப முடிதானே தப்பு? மனுஷனைப் போயி எப்படிச் சந்தேகப்படறது?"

எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் என்னைத் திருடன் என்றிருக்கிறார்கள். அதெல்லாம் உறைத்ததில்லை. இது உறைத்தது.

"சார், அது ஓட்டல் இல்ல."

"பின்ன?"

"ஒரு வேலையும் இல்ல. சும்மா கெடந்தோம்."

"என்ன சாப்பிட்டே?"

"பெரும்பாலும் ஒண்ணும் இல்ல சார்."

சாக்கு கையிலிருந்து விழுந்தது. "ஒண்ணுமே இல்லையா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"அட! வெளியேருந்து ஒண்ணும் வரலேன்னா உடம்பு தன் கறியையே தின்னும்ப்பா! முடிக்கு ரெண்டும் ஒண்ணுதான்! பட்டினி! ரொம்ப நன்றிப்பா, ரொம்ப நன்றி!"

என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, செருப்பில்லாமல் மாடிப்படி இறங்கி ஓடினார். "பாய்! இவன் பட்டினி கெடந்திருக்கான்! நாலு மாசம்!" நான் மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கிவிட்டது மாதிரி தெரு முழுக்கக் கேட்டது.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அதுக்கு ஏன் சார் இவ்ளோ சந்தோஷம்?"

சார் அப்போதுதான் நின்றார். பின்னாலேயே இறங்கி வந்த என்னை பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை பேருப்பா இருந்தீங்க?"

"நாலு பேரு."

"மத்தவங்க?"

"தெரியல சார். ஆளுக்கொரு ரயில் ஏறினோம்."

பாய் கேட்காமலே ஒரு தட்டில் பரோட்டாவை வைத்தார். நான் நினைத்த மாதிரி யார் முகமும் ஒரு மாதிரி ஆகவில்லை. அல்லது ஆகியிருக்கலாம். எனக்குப் பசி, நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரை மறுநாளே போனது, அச்சிலும் வந்தது. சம்பா அறுப்பு முடியும்வரை அவரோடு இருந்தேன். பிறகு வழக்கம்போலக் கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. முடி வெட்டாதே என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் மாசம் ஒருமுறை போன் வரும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார். "என்ன சாப்பிட்டே?" என்பார். சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். பொய் சொன்னால் முடி காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்தான் என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.