ஈர நெஞ்சைப் பற்றி ஒரு வாசகனின் அபிப்பிராயம்

இலக்கிய விமர்சனம் என்னும் மாபெரும் கலை கேரளத்து நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு. நேரத்தை இத்தனை துல்லியமாகச் சொல்லக் காரணம், அதைப் பெற்றவன் நான். வெளியே மழை. உரம் வாங்க ஒரு ஈ காக்கை வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்து உர டிப்போவில் நான் குமாஸ்தா, பெயர் சென்னிமலை. யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து படித்தால் எப்பேர்ப்பட்ட இலக்கியமும் தெளிவாக விளங்கும். கண் மட்டும் கொஞ்சம் எரியும். சோகக் கதை என்றால் அதுவும் வசதிதான்.

எங்கள் வாசகசாலைத் தலைவர் ரத்தினசாமிப் பண்ணாடி. நிலம் உள்ளவரை எங்கள் பக்கம் பண்ணாடி என்போம். நிலம் இல்லாதவரை 'டேய்' என்போம். வாசகசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி என்று ஊரில் எதற்கெல்லாம் தலைவர் வேண்டுமோ அதற்கெல்லாம் அவரே தலைவர். ஆளைத் தேடி அலைகிற சிரமத்தை அவர் எங்களுக்கு வைத்ததில்லை. அவர்தான் அன்று ஓர் உத்தரவு போட்டார்: அலமாரியில் உள்ள அறுபத்தோரு தமிழ் நூல்களுக்கும் 'வாசகர் அபிப்பிராயம்' பதிவாக வேண்டும். அதற்கென்று தடித்த நோட்டு ஒன்று வந்தது. நூல், ஆசிரியர், வகை, அபிப்பிராயம் என நான்கு கட்டங்கள். வகை என்ற கட்டத்தில் நாவல் அல்லது தன்வரலாறு என்று எழுத வேண்டும். ஊரில் வேலையில்லாமல் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன் என்பதால், நோட்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

என் முறை எளிமையானது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் சகுனம் பார்ப்பது போல ஒரு பக்கம். இதற்குமேல் படித்தால் அபிப்பிராயம் குழம்பிவிடும். என் புகழ்பெற்ற அபிப்பிராயங்களில் சிலவற்றை இங்கே தருவது வருங்காலத்துக்கு உதவும்.

ஒரு குடும்ப நாவலைப் பற்றி: "கதாநாயகி முப்பத்தேழாம் பக்கத்தில் இருமுகிறாள். முந்நூற்றுப் பதினெட்டில் சாகிறாள். இடையில் யாராவது ஒருவர் அவளைப் பாலக்காட்டு பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கியிருந்தால் நாற்பதாம் பக்கத்தில் சுபம் போட்டிருக்கலாம். ஆசிரியருக்கு பஸ் நேரம் தெரியாது போலும்."

ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி: "கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கொலையாளி யாரென்று தெரியாததால் எல்லாரையும் மன்னித்துவிட்டேன்."

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து நாவலைப் பற்றி: "பெண்கள் பாடிக்கொண்டே கொழுந்து கிள்ளுகிறார்கள். மழை பூப்போலப் பெய்கிறது. அத்தனை ஏக்கரில் ஒரு அட்டைகூட இல்லை. ஆசிரியர் கோடைக்காலத்தில், ஜீப்பை விட்டு இறங்காமல் எழுதியிருக்கிறார்."

ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியின் தன்வரலாற்றைப் பற்றி: "நானூற்று இருபது பக்கங்களில் இவர் ஒரு தவறும் செய்யவில்லை. மனைவி இரண்டு இடங்களில் வருகிறார். இரண்டிலும் காப்பி கொண்டு வருகிறார்."

ஊர் என்னைக் கொண்டாடியது. நூல்களைப் படிப்பதை விட்டுவிட்டு நோட்டைப் படித்தார்கள். டீக்கடைக் குப்பண்ணன் நோட்டை இரவல் வாங்கிக் கடையில் வைத்தார்.

"சென்னிமலை, உன்ற அபிப்பிராயம் வந்த பொறவு வடை நல்லாப் போகுது," என்றார். எந்த விமர்சகனுக்குக் கிடைக்கும் இந்தப் பாராட்டு?

இப்படி நான் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் பண்ணாடியே ஒரு நூல் எழுதினார். 'ஈர நெஞ்சின் ஐம்பதாண்டு'. கோயமுத்தூரில் அச்சிட்டது, கெட்டி அட்டை, உள்ளே அவருடைய படங்கள் ஒன்பது. ஒன்பதிலும் அவர் எதையாவது யாருக்காவது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் வெளியீட்டு விழா. நீதான் அபிப்பிராயம் வாசிக்கற," என்றார் என்னிடம். "நாலு பக்கத்துக்குக் கொறையாம எழுது. காப்பி கீப்பின்னு கிண்டல் பண்ணுனயின்னா தெரியுமல்லோ."

தெரியும். டிப்போவுக்கும் அவரே தலைவர். நான் வழக்கம்போல முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, 'ஈரம்' என்ற சொல்லை நாலு பக்கத்துக்கு நனைத்து வைத்தேன்.

மறுநாள் டிப்போவைப் பெருக்க வந்த நாச்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். பண்ணாடியின் களத்துக்குக் கிழக்கு மூலையில் ஓர் ஓலைக் குடிசையில் இருக்கிறவள். நாற்பதுக்குள் வயது, புருஷன் இல்லை. புதிதாக வந்த சட்டப்படி, பிறர் நிலத்தில் வெகுகாலமாகக் குடிசையில் இருக்கும் ஏழைக்கு அந்தக் குடிசையும் சுற்றிலும் பத்து சென்ட் நிலமும் சொந்தம். சர்க்கார் பாஷையில் 'குடிகிடப்பு'. பக்கத்துச் சித்தூரில், லேண்ட் டிரிப்யூனல் என்னும் நில நீதிமன்றத்தில் அவள் மனுப் போட்டிருந்தாள். பண்ணாடி எதிர்த்து அபிடவிட், அதாவது சத்திய வாக்குமூலம், கொடுத்திருந்தார். தோற்றால் குடிசையைப் பிரித்துவிட்டு அவள் போக வேண்டியதுதான். போவதற்கு இடம் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க தம்பி, பண்ணாடி பொஸ்தகத்துல என்ற பேரு வருதுங்களாமா. குப்பண்ணன் சொல்றாரு."

"வராதுங்கக்கா. அது பெரியவியளப் பத்துன பொஸ்தகம்."

"எதுக்கும் பாத்துச் சொல்லுங்க." மடியிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தாள். "கேசுக் காயிதத்துலயும் என்ற பேரு இருக்குது. ரெண்டையும் படிச்சுப்போடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நூலை நடுவிலும் படித்தேன். பெயர் இருந்தது. பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. உரக்க வாசித்தேன்:

"'நாற்பத்து மூன்றாம் வருடத்துப் பெருங்காற்றில் என் பண்ணையாள் ஒருவனின் குடிசை விழுந்தது. இருபத்திரண்டு வயது இளைஞனான நான், மழையையும் பொருட்படுத்தாது, ஓலைக்கட்டுகளை என் தலையில் சுமந்து, களத்துக்குக் கிழக்கே அவனுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தேன். அவன் மகள் நாச்சம்மாள் இன்றளவும் அதில் வாழ்கிறாள். அக்குடிசையில் மாலைப் புகை எழும்போதெல்லாம் என் கண்கள் பனிக்கும்.'"

நாச்சம்மாள் தலையை அசைத்து மறுத்தாள். "ஓலை செமந்தது எங்கப்பனுங்க. எனக்கு அப்ப எட்டு வயசு, நல்லா நெனப்பிருக்குது. பண்ணாடி மர நெழல்ல நின்னாரு. எங்கம்மா அவருக்குக் கொடை புடிச்சுட்டு நின்னா."

பிறகு அபிடவிட்டை எடுத்தேன். மலையாளத்தில் டைப் அடித்த நான்கு பக்கம். மேற்படி கட்டடம் மனுஷவாசத்துக்கு உரியதல்ல. எழுபத்தொன்றாம் வருடம் கட்டிய மாட்டுக் கொட்டகை. மனுதாரர் அதில் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

"மாட்டுக் கொட்டாயா," என்றாள். "அப்ப சாயங்காலம் பொகையறது மாடுங்களா?"

அடியில் சாட்சிகளின் கையெழுத்து. நான் அங்கே நின்றுவிட்டேன்.

"சாட்சி ஆருங்க?"

"பண்ணாடியோட மைத்துனருங்க."

"ரெண்டு கையெழுத்து தெரியுது?"

இரண்டாவது கையெழுத்து மிக அழகாக இருந்தது. கடைசி எழுத்தில் ஒரு சுழி. அந்தச் சுழியைப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. யூரியா லாரி வந்த ஒரு நாளில், நாற்பது காகிதத்தோடு நாற்பத்தொன்றாவதாகப் பண்ணாடியின் ஆள் நீட்டினான், நான் போட்டேன்.

"என்னுதுங்கக்கா," என்றேன்.

அவள் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டு வந்தாள். என் மூட்டை அருகே வந்ததும், "கால எடுங்க தம்பி," என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கமலாத்தாள் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சுன்னு கண்ணாடி வாங்குனீங்க. படிக்காம ஆரு ஊடு போகுதுன்னும் பாத்துக்குங்க."

நான் வீரன் அல்ல. பண்ணாடியின் முன்னால் போய், "நீங்கள் எழுதியது பொய்," என்று சொல்ல என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் புகழ்ச்சி. நனைத்து வைத்த நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

விழாவுக்கு நல்ல கூட்டம். மாலைகள் பதினொன்று. நான் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, வாசித்தேன்: "இந்நூலை முழுதும் வாசித்தேன். இவ்வளவு நல்ல மனிதர் ஒருவர் பூமியில் இருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. ஆகவே இது ஈடு இணையற்ற கற்பனை. குறிப்பாக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஆசிரியர் ஓலை சுமக்கும் கட்டம், தமிழ்க் கற்பனையின் சிகரம். இந்நூலை நாவல் வரிசையில், துப்பறியும் கதைகளுக்குப் பக்கத்தில் வைக்குமாறு பணிவுடன் பரிந்துரைக்கிறேன்."

குப்பண்ணன் பின்வரிசையில் எழுந்து கைதட்டினார். "நானும் அதேதான் நெனச்சனுங்க. பண்ணாடி தலையில ஓலைன்னதும் எனக்கே புரிஞ்சு போச்சு, இது கதைன்னு."

பண்ணாடி மாலைகளோடு எழுந்தார். "எவன்டா அது, நாவல்ங்கறது?"

"பாராட்டித்தானுங்க சொன்னேன்."

"உன்ற பாராட்டக் கொண்டு போயி யூரியாவுல கொட்டு. பேனாவக் கொண்டா."

வாசகசாலைப் பிரதியின் முதல் தாளில் அவரே எழுதினார்: 'இதில் உள்ளது எழுத்துக்கு எழுத்து சத்தியம். பக்கம் 112 உள்பட.' கையெழுத்து, தேதி. போதாதென்று வாசகசாலை முத்திரையையும் இரண்டு முறை குத்தினார். நோட்டில் 'நாவல்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துத் 'தன்வரலாறு' ஆக்கினார்.

மறுநாள் காலை நாச்சம்மாள் வாசகசாலையின் எண்பத்தெட்டாவது அங்கத்தினரானாள். கைநாட்டு வைத்து ஒரே ஒரு நூலை இரவல் வாங்கினாள்.

"எத்தன நாளைக்குக் குடுப்பீங்க?"

"பதினாலு நாளைக்குங்க."

"கேசு பத்தாம் நாளு. போதும்."

பத்தாம் நாள் சித்தூரில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி மலையாளத்தில் கேட்டார். இங்கே தமிழில் தருகிறேன். கண்டிப்பு அதே அளவுதான்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"வாசித்துப் பார்த்துத்தான் போட்டாயா?"

"இல்லைங்க."

"நீ நூல்களுக்கு அபிப்பிராயம் எழுதுகிறவனாமே. அதுவும் வாசிக்காமல்தானா?"

"முக்கால்வாசி அப்படித்தானுங்க." யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "படிக்காம எழுதுனாலும் பொஸ்தகத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அது அலமாரியில கெடக்கும். இந்தக்கா எங்க போயிக் கெடக்கும்னு அன்னைக்கு நான் நெனச்சுப் பாக்கலைங்க. அந்தக் கொட்டாயில மாட்ட நான் பாத்ததே இல்லைங்க."

அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். பண்ணாடி எழுந்தார். அதிகாரி ஒரு கையில் நூலையும் மறு கையில் அபிடவிட்டையும் எடுத்து எடை பார்ப்பவர் போல வைத்துக்கொண்டார்.

"இரண்டும் நீங்கள் எழுதியவை. இரண்டும் சத்தியம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒன்றில் மனுஷி இருக்கிறாள். ஒன்றில் மாடு இருக்கிறது. எது சரி?"

வக்கீல் பண்ணாடியின் காதில் ஏதோ சொன்னார். பண்ணாடி மேலே மின்விசிறியைப் பார்த்தார். கீழே தன் செருப்பைப் பார்த்தார்.

"பொஸ்தகம் கற்பனைங்க," என்றார். "நாவல்னே வெச்சுக்குங்க."

ஓர் ஆசிரியர் என் விமர்சனத்தை மனமார ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்முறை. அந்தப் பொன்னான கணத்தில் நாச்சம்மாளின் குடிசை என் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. முத்திரை குத்திய சத்தியத்தை முத்திரை குத்தியவரே பொய் என்று சொல்வாரென்று என் திட்டத்தில் இல்லை.

"உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று அதிகாரி நாச்சம்மாளிடம் கேட்டார்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பண்ணாடி சொல்றது நெசந்தானுங்க. அது கற்பனைதான். ஓலை செமந்தது எங்கப்பன். பண்ணாடி தலையில ஒரு ஓலை கூடப் பட்டதில்லீங்க. அவரால செமக்கவும் முடியாது. அந்த வயசுலயே மூச்சு வாங்கும்."

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. பண்ணாடியின் கழுத்து சிவந்தது. வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்தார். அவர் உதறினார்.

"ஆருக்கு மூச்சு வாங்கும்? இந்தத் தலையிலதான் செமந்தேன். ஏழு நடை. இவ அப்பன் மூணு நடைதான்."

"எங்கே சுமந்தீர்கள்?" என்றார் அதிகாரி, மிக மெதுவாக.

"இவ குடிசைக்குத்தான். இப்பவும் அங்கதான குடியிருக்கறா, வேறெங்க?"

வக்கீல் தன் காகிதக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். டைப் அடிப்பவர் டைப் அடித்தார்.

மாசிக் கடைசியில் உத்தரவு வந்தது. குடிசையும் பத்து சென்டும் நாச்சம்மாளுக்கு. அதே வாரத்தில், என்னை அபிப்பிராயப் பதவியிலிருந்து விடுவித்து வாசகசாலையிலிருந்து இன்னோர் உத்தரவும் வந்தது. டிப்போ வேலை தப்பியது. சாக்கு எண்ண ஆள் கிடைக்கவில்லையாம்.

நோட்டை ஒப்படைக்க எடுத்தபோது நாச்சம்மாள் வந்தாள். தவணை தாண்டிய நூலைத் திருப்பிக் கொடுத்தாள். பத்திரமாகத் துணியில் சுற்றியிருந்தாள்.

"எல்லாஞ் சரிங்க தம்பி. இதுல எங்கப்பன் பேரு மட்டும் எங்கியும் வரலைங்களே. ஓலைய அவருதான செமந்தாரு. உங்க நோட்டுலயாச்சும் எழுதிப்போடுங்க."

"பேரென்னங்கக்கா?"

"கருப்புசாமிங்க."

எழுதினேன். 'ஈர நெஞ்சின் ஐம்பதாண்டு, பக்கம் 112, திருத்தம்: ஓலை சுமந்தவர் கருப்புசாமி. பத்து நடை. குடை பிடித்தவர் அவர் மனைவி.' வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இரண்டாம் முறையும் காட்டச் சொன்னாள். பிறகு போனாள்.

நோட்டில் ஒரு வரிசை மிச்சம் இருந்தது. என் விமர்சன வாழ்வின் கடைசிப் பதிவை, ஒரு வார்த்தை விடாமல் படித்த பின், இப்படி எழுதினேன்:

நூல்: அபிடவிட், நான்கு பக்கம். வகை: நாவல். அபிப்பிராயம்: இவ்வாண்டு நான் வாசித்தவற்றுள் தலைசிறந்தது. ஒரு மனுஷி முப்பது வருடம் குடியிருந்த வீட்டில் இல்லாத ஒரு மாட்டைக் கட்டி, அந்த மாட்டுக்காக அவளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இத்தகைய கற்பனை ஒருவரால் மட்டும் ஆகாது. ஆசிரியர்கள்: ரத்தினசாமி, சென்னிமலை.