ஜானவாச ட்ராக்டருக்கு நான் சோக் இழுத்த கதை

எனக்கு ட்ராக்டர் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எட்டு வருஷம் ட்ராக்டர் க்ளெய்ம்கள் பார்த்திருக்கிறேன். (ஃபைலைத்தான்.) அதை மாமனார் முன்னால் சொன்னதுதான் வினை.

என் மைத்துனி வித்யாவுக்கு நிச்சயமான கௌதமுக்குப் பழைய ட்ராக்டர்களை வாங்கி ரிப்பேர் செய்கிற பைத்தியம். ஜானவாச மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வேண்டாம், தான் சரிசெய்த ஐம்பது வயது ட்ராக்டரைத் தானே ஓட்டி வருவேன் என்று சொல்லிவிட்டான். அவன் ஊரான கர்ஜத்திலிருந்து லாரியில் வந்து, மும்பை செம்பூர் கோயில் வாசலில் சாமந்திச் சரத்தோடு நின்றது அது. மண்டபம் வரை ஊர்வலம் போகப் போலீஸ் கொடுத்தது ஒரு மணி நேரம்.

கௌதம் அர்ச்சனைக்கு உள்ளே போனதும் மாமனார் என்னிடம் வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணி ரெடியா வையுங்கோ. உங்களுக்குத்தான் தெரியுமே."

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. அப்பாவின் ஸ்கூட்டரும் இப்படித்தான் அடம்பிடிக்கும். சோக்கை இழுத்தால் கிளம்பிவிடும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிவப்புக் குமிழ் தெரிந்தது. இழுத்தேன். அப்புறம் அந்த இருமலும் இல்லை.

பேட்டரியாக இருக்குமோ என்று வித்யாவின் சித்தப்பா காரிலிருந்து ஒயர் போட்டேன். ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் கம்மென்று இருந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மூன்றாம் தடவை வாசித்தார். போலீஸ் ஹவல்தார் வந்து, "அரே பாய், கித்னா டைம்?" என்று இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அதட்டினார்.

"என்னதான் ஆச்சு?" என்றார் மாமனார்.

"டீசல் பைப்ல காத்து பூந்திருக்கும், மாமா." (ஏதோ ஒரு க்ளெய்மில் படித்தது.)

ஸ்பானரால் ஒரு நட்டைத் தளர்த்திவிட்டு, சித்தப்பாவைச் சாவி போடச் சொன்னேன். டீசல் பீச்சியடித்தது. மாமனாரின் பட்டு அங்கவஸ்திரம் முழுக்க.

அதற்குள் கௌதம் மாலையோடு வந்துவிட்டான். "அண்ணா, நான் பாக்கட்டுமா?"

"நீங்க இன்னிக்கு மாப்பிள்ளை. கை வைக்கப்படாது" என்று தடுத்தேன்.

நட்டை முறுக்கிவிட்டு, பத்துப் பேரைச் சேர்த்துத் தள்ளினோம். மருந்துக் கடை வரை போனோம். கிளம்பவில்லை. போலீஸ் கொடுத்த நேரத்தில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மாமனார் என் பக்கமே திரும்பவில்லை. கௌதம் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தான்.

"இதை யார் இழுத்தா?"

"நான்தான். சோக்."

"அண்ணா, டீசல் வண்டிக்குச் சோக் கிடையாது. இது இன்ஜினை நிறுத்தற குமிழ்."

அதை உள்ளே தள்ளினான். நான் புகவிட்ட காற்றை வெளியேற்ற, பட்டு வேஷ்டியோடு குனிந்து சின்னப் பம்பு ஒன்றை அமுக்கினான். வண்டி கரும்புகை கக்கிக் கிளம்பியது. மண்டபத்தை அடைந்தபோது நாலு நிமிஷம் மிச்சம்.

மறுநாள் அவன் கைபிடித்தபோது டீசல் வாசனை வந்தது என்று வித்யா இன்றும் சொல்கிறாள்.

போன மாதம் எங்கள் பில்டிங் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே எங்கள் இருவரோடு சேர்த்து ஆறு பேர். என் மனைவி பக்கத்தில் நின்றவர்களிடம் நிதானமாகச் சொன்னாள்: "இவர் ஏதாவது பட்டனைத் தொடாம பாத்துக்கோங்கோ."

முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.