மூச்சுக்கு மார்க் போடுகிறவர்

மீட்டர் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பலாக நனைந்துகொண்டே, இன்றைக்கு மழைக்கு முப்பது சதவீதம்தான் வாய்ப்பு என்று குடையில் இருக்கும் உங்களிடம் வாதாடுவார். குழந்தை பசித்து அழுதால் குழந்தையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். உடம்பு கொதிக்கிறது என்று நீங்கள் முனகினால், தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளும்வரை உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பார். கண் இரண்டும் காது இரண்டும் அவருக்கும் உண்டு. ஆனால் அவை மூக்குக் கண்ணாடியைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை என்பது அவர் எண்ணம்.

சாதாரணமாக இவரால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. வீட்டில் நாள்பட்ட நுரையீரல் நோயாளி ஒருவர் இருந்து, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லும் அந்தச் சின்ன ஆக்ஸிமீட்டரும் இவர் கைக்கு வந்து சேர்ந்தால்தான் விஷயம் முற்றும். அதிலும் அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டால்? கேட்கவே வேண்டாம்.

கணக்கு சாரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவர். வேலையை விட்டு வந்த அன்று அவருடைய சிவப்புப் பேனாவும் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல், செய்தித்தாளில் எழுத்துப் பிழை, மருந்துப் பெட்டியில் இலக்கணப் பிழை என்று இரண்டு வருடம் அலைந்தது. அவர் மனைவி நூற்பாலையில் இருபத்தாறு வருடம் பஞ்சுத் தூசிக்கு நடுவே மேற்பார்வை பார்த்தவர். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வார். அந்தச் சுவரில் படமே கிடையாது என்பதைக் கவனிக்க சாருக்கு ஒரு வருடம் ஆயிற்று. கவனித்த மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் சீட்டில் சுருக்கமாகத்தான் எழுதினார். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின், நிமிடத்துக்கு ஒரு லிட்டர். மீட்டரில் இருக்க வேண்டியது 88–92. தினமும் இரண்டு வேளை பார்க்கவும். வேறு யார் படித்திருந்தாலும் இதில் சிக்கல் இல்லை. படித்தவர் கணக்கு சார் ஆயிற்றே. எண்பத்தெட்டு என்பது பாஸ் மார்க். தொண்ணூற்றிரண்டு, ஏதோ பரவாயில்லை என்கிற ரகம். நூற்றுக்கு நூறு என்று ஒன்று இருக்கும்போது, தொண்ணூற்றிரண்டோடு நின்றுகொள் என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? நோயாளி மனசு நோகக் கூடாதென்று குறைத்து எழுதியிருக்கிறார், நல்ல மனுஷன் என்று சார் தீர்மானித்துக்கொண்டார்.

இரண்டு வேளை என்பது ஒரு வாரத்தில் பதினொரு வேளை ஆயிற்று. நீளமான நோட்டு ஒன்று வந்தது. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், விரல், மார்க், குறிப்பு என்று கட்டங்கள் பிறந்தன. விரலுக்கும் ஒரு கட்டம் எதற்கு என்கிறீர்களா? சார் பத்து விரலிலும் மாட்டிப் பார்ப்பார். இடது கை மோதிர விரல்தான் முதல் ரேங்க். வலது கட்டைவிரல் ஒருமுறை எண்பத்தைந்து காட்டிவிட்டது. அன்றிலிருந்து அதற்கு அந்த வீட்டில் மரியாதை இல்லை.

"பத்து விரலும் ஒரே உடம்புலதானே இருக்கு? எதுல பாத்தா என்ன?" என்பார் அந்த அம்மாள்.

"நல்லா எழுதற கையைத்தானே பரீட்சைக்குக் கொண்டுபோவாங்க? விரலை நீட்டு."

"இப்பதானே பாத்தீங்க?"

"அது குளிக்கறதுக்கு முன்னாடி. இது குளிச்சப்புறம்."

நீட்டுவார். தொண்ணூறு என்று விழும். சார் முகம் சுருங்கும்.

"மிச்சம் பத்து எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா? நானா எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கேன்?"

குறிப்புக் கட்டத்தில் 'முயற்சி போதாது' என்று சிவப்பில் ஏறும். ஒருநாள் அந்த அம்மாள் மாடியிலிருந்து கூப்பிட்டு, "என்னங்க, இன்னிக்கு நடுவுல நிக்காம முழுப்படியும் ஏறிட்டேன்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சார் மீட்டரோடு பின்னாலேயே ஓடினார். எண்பத்தொன்பது. "படி ஏறினதெல்லாம் கணக்குல வராது. நேத்து தொண்ணூறு, இன்னிக்கு எண்பத்தொன்பது. எங்கயோ கவனம் சிதறுது" என்றார். எந்தக் கவனம் எங்கே சிதறிற்று என்று தெரியாமல் அந்த அம்மாள் கீழே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களும் தப்ப முடியாது. குழாய் பழுதுபார்க்க வந்தவர் விரலில் மாட்டித் தொண்ணூற்றேழு என்றதும், "பாத்தியா, நாள் முழுக்கத் தண்ணியில நிக்கறவர். உன்னைவிட ஏழு மார்க் அதிகம்" என்று மனைவியைப் பார்த்தார். நல்லவேளையாக இரண்டு வீடு தள்ளி இருந்த ஓய்வு பெற்ற தபால்காரருக்கும் இதே நோய். அவர் எண்பத்தெட்டைத் தாண்டவில்லை என்று கேள்விப்பட்டதும் சார் மிகவும் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தோடு தெருவிலே முதலிடம் யாருக்கு என்பதையும் நோட்டில் குறித்து வைத்தார்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. மனைவி துணி மடித்துவிட்டு மூச்சிரைக்க நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் இருந்த சார் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே மீட்டரை மாட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. உடனே ஒரு படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டு, 'விடாமுயற்சியின் பலன்' என்று தலைப்பும் கொடுத்தார். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. மாப்பிள்ளை வீட்டார்கூட வாழ்த்தினார்கள். ஒருமணி நேரம் கழித்து மகள் ஃபோன் செய்தாள்.

"அப்பா, அந்தப் படத்துல அம்மா விரல் எந்தப் பக்கம் பாத்து நீட்டிட்டிருக்கு?"

"என் பக்கம்தான். நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

"அப்போ மீட்டரைத் தலைகீழாப் படிச்சிருக்கீங்க. ஃபோனைத் திருப்பிப் பாருங்க. எண்பத்தாறுப்பா அது."

திருப்பிப் பார்த்தார். எண்பத்தாறுதான். பக்கத்தில் இருந்த நாடித்துடிப்பு எண்பத்தெட்டாக இருந்து தொலைத்ததால், எப்படித் திருப்பினாலும் அது மட்டும் எண்பத்தெட்டாகவே நின்று அவரை ஏமாற்றியிருந்தது. "டாக்டருக்கு உடனே சொல்லுங்கப்பா" என்று மகள் இரண்டு தடவை சொன்னாள். சாருக்கு அது காதில் விழவில்லை. விடைத்தாளைத் தலைகீழாகப் படித்து மார்க் போட்டிருக்கிறோம், அதையும் சம்பந்தி வீடுவரை தம்பட்டம் அடித்திருக்கிறோம் என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. போட்ட மார்க்கைக் குறைத்து அவருக்குப் பழக்கமில்லை. அதனால் தொண்ணூற்றெட்டை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

வழி அறைமூலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் மெஷினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னப் பந்து, கீழே ஒரு திருகு. திருகினால் பந்து ஏறும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றினார், மீட்டர் தொண்ணூற்றொன்று. மூன்று, தொண்ணூற்றைந்து. நான்கில் வைத்தார். தொண்ணூற்றெட்டு வந்து நின்றது, இந்தத் தடவை நேராகவே. இத்தனை வருடத்தில் எந்த மாணவனும் அவர் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. குறிப்புக் கட்டத்தில் முதல்முறையாக 'மிக நன்று' ஏறியது.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தலை வெடிக்குதுங்க."

"தொண்ணூத்தெட்டு எடுத்துட்டுத் தலைவலிங்கறியே."

அதற்கு மறுநாள் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். சார் தூங்குகிறவர் விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. அதற்கும் அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கினார். அப்போதும் தொண்ணூற்றெட்டு. இவ்வளவு நாள் போராடிய உடம்பு, இப்போதுதான் நிம்மதியாக ஓய்வெடுக்கிறது என்று மகளிடம் சொன்னார். நோட்டில் நான்கு நாளும் ஒரே மார்க்காக நேர்க்கோட்டில் நின்றது. அந்த அழகை அவரால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நடுநடுவே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, மாதம் ஒருமுறை ஆக்ஸிஜன் மெஷினின் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வரும் மெக்கானிக் வந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த அம்மாள் கண்ணைப் பாதி திறந்து, "என்னப்பா, ஏழாம் நம்பர்ல மறுபடி நூல் அறுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆலையை விட்டு வந்து பல வருடம் ஆகியிருந்தது.

மெக்கானிக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"தூக்கக் கலக்கம். மார்க்கைப் பாருங்க, தொண்ணூத்தெட்டு" என்றார் சார்.

மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். "பந்து நாலுல நிக்குதே. சீட்டுல ஒண்ணுன்னுதானே சார் போட்டிருந்துச்சு?"

"நான்தான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."

"டாக்டரைக் கேட்டீங்களா?"

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று முப்பத்து நான்கு வருடம் கேட்டுப் பழகியவர், பதிலுக்கு நோட்டை எடுத்து நீட்டினார்.

"எனக்கு மெஷின்தான் சார் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவையும் அம்மா ஃபில்டரை வாங்கிப் பாத்து, தூசி இருக்குன்னு என்னை ஒரு வழி பண்ணிடுவாங்க. இன்னிக்கு நான் யாருன்னே தெரியல அவங்களுக்கு. முதல்ல ஃபோன் போடுங்க."

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். முகத்தோடு இறுக்கமாக ஒரு மாஸ்க் மாட்டினார்கள். டாக்டர் வெளியே வந்தபோது சார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க மீட்டர் ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜனை மட்டும்தான் சார் காட்டும். வெளிய போகவேண்டிய கெட்ட காத்து உள்ளயே தங்கினா, அது அதுக்குத் தெரியாது. இவங்க மாதிரி நுரையீரலுக்கு அளவுக்கு மேல ஆக்ஸிஜன் குடுத்தா அப்படித் தங்கிடும். தலைவலி, தூக்கம், பேச்சுல குழப்பம் எல்லாம் அதுலதான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எழுப்பியிருக்க முடியாது."

"தொண்ணூத்தெட்டு இருந்துதே, டாக்டர்."

"தொண்ணூத்திரண்டோட நிறுத்தச் சொன்னது அதுக்குத்தான் சார்."

சார் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவில்லை. அவரைக் கேலி செய்வது சுலபம், செய்தும் ஆயிற்று. ஆனால் அந்த மனுஷர் பயந்துபோயிருந்தார். இப்போது வந்த பயம் அல்ல. படமில்லாத சுவரை என்றைக்குப் பார்த்தாரோ அன்றிலிருந்தே பயம். அந்த வீட்டில் அவள் குரல் கேட்காமல் ஒருநாள் விடியும் என்ற பயத்தை யாரிடமும் சொல்லத் தெரியாமல், அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். இதை யோசித்து முடித்தபோது பேனா மூடி திறந்து சட்டைப் பை சிவப்பாகியிருந்தது. நர்ஸ் ரத்தம் என்று பதறி, ஆக்ஸிமீட்டரோடு அவரிடம் ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பந்து ஒன்றில் நின்றது. மீட்டரில் தினமும் இரண்டே வேளை, அதற்கு முன்னால் ஆளிடம் வாயால் கேட்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலை சார் நாற்காலியை இழுத்துப்போட்டு, எதிரில் அல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு உனக்கு?"

மீட்டர் வந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த அம்மாள் யோசித்தார். கொஞ்சம் அதிகமாகவே யோசித்தார்.

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று மேஜைமேல் மீட்டரைத் தேடிக் கை நீண்டது. பாதி வழியில் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்து கை நின்றது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கு அழுகை வந்துவிட்டது.

பார்த்தீர்களா, இது தொற்றிக்கொள்ளும். எங்களுக்கெல்லாம் இந்தக் கோளாறு கிடையாது என்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. இன்று காலை கண் விழித்ததும், ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் சின்னத் திரையைத் தட்டிக் கேட்டவர் யார்? அது அறுபத்தொன்று என்று சொன்னதும், அதுவரை இல்லாத அசதி வந்து மறுபடியும் படுத்துக்கொண்டவர் யார்?